நத்தைப் பட்டை

நாற்பது வயது பேஸ் கிட்டார்.
செக் நாட்டுத் தொழிற்சாலையில் பிறந்து
யார் யாருக்கோ வாழ்க்கைப்பட்டு
கடைசியில் என்னிடம் வந்தது,
ஓட்டை சைக்கிள் ஒன்றுக்கு மாற்றாக.

செருகினால் இரையும்.
ஒலிபெருக்கிக்குள் தேன்கூட்டை வைத்து
யாரோ தைத்துவிட்டதுபோல.
கம்பியில் விரல் வைத்தாலும் அடங்காது.
ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் அடங்கும்.
ஜாக்கைப் பிடித்துக்கொண்டு
எந்தக் கையால் வாசிப்பது?

"பிக்கப்பை மாற்று, போக்னா"
என்றான் டிரம்ஸ் அடிக்கிற யென்ஜெய்.
புதியது அறுநூறு ஸ்வாட்டி.
அறுநூறு என்றால் மகளின் பனிக்காலணி,
என் கடைவாய்ப் பல்.

நான் க்டீனியா டிராலிபஸ் பணிமனைக்காரி.
அறுநூறு வோல்ட் கம்பிக்கு அடியில்
பதினோரு வருடம் நின்றவள்.
ஒரு மரத்துண்டின் முனகல்
எனக்குப் புரியாதா?

ஞாயிறு. சமையல் மேசையில் செய்தித்தாள்.
திருகுகளைக் கழற்றிச் சாஸரில் போட்டு
வெள்ளைத் தகட்டைத் தூக்கினேன்.
உள்ளே தூசு, பாதி எரிந்த தீக்குச்சி,
எவரோ வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்
பற்றவைத்த ஈயம், மங்கி, பொரிபொரியாய்.
தொட்டதும் எர்த் கம்பி கையோடு வந்தது.
பாவம் பிக்கப்.
செய்யாத குற்றத்துக்கு
எத்தனை வருட ஏச்சு.

திறந்ததுதான் திறந்தோம் என்று
ஆசை வந்துவிட்டது.

உட்குழியில் ஒட்டச் செம்புப் பட்டை:
இசைக்கருவிக் கடையில் எழுபது.
தோட்டக்கடையில் அதே செம்பு,
பூந்தொட்டியில் நத்தை ஏறாமலிருக்க, பதினெட்டு.
"நத்தைத் தொல்லையா?" என்றாள் கடைக்காரி.
"ஒன்றே ஒன்றுதான். ஆனால் இரைகிறது."
அதன் பசை மின்சாரம் கடத்தாது;
ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு துளி ஈயம் வைத்தேன்.

குமிழ்களுக்கு அடியில் புதுப் பாட் இரண்டு, பன்னிரண்டு.
கெபாசிட்டர், பணிமனைக் கழிவுப் பெட்டியிலிருந்து.
(மேலாளரிடம் சொல்ல வேண்டாம்.)
நழுவும் முறுக்காணி ஒன்றுதான்,
கடையில் நான்காய்த்தான் தருவார்கள்.
எல்ப்லாங்கில் ஒருவர் ஒற்றையாய்க் கொடுத்தார், இருபத்தைந்து.
மூன்று வெள்ளிக் காது, ஒரு கறுப்புக் காது.
கழுத்தின் சாய்வுக்கு
என் பஸ் சீட்டே இரண்டாய் மடித்து.
நட்டுக்கு, சூப் வைத்து மிஞ்சிய மாட்டெலும்பு.
அராவும்போது
பல் மருத்துவர் அறையின் வாசனை வந்தது.
அந்த மாதத்துக்கு என் பல் வைத்தியம் அவ்வளவுதான்.

கம்பிகள் மட்டும் முழுசாய்ப் புதிது, அறுபத்தைந்து.
பழையவற்றை அவித்து அவித்து
இனி அவிக்க ஒன்றுமில்லை.

ஆக நூற்றிருபது.
பனிக்காலணி வாங்கியாயிற்று.

சனிக்கிழமை, துறைமுகத்துக்குப் பின்னால்
விட்டோல்டின் நிலவறை மதுக்கடை.
விளக்கைப் போட்டதும்
எல்லா ஒலிபெருக்கியும் முனகின,
என்னுடையது மட்டும் ஊமை.
பெருமையில் தோள் சற்று அகன்றது.

வாசித்தேன். கிட்டாரும் டிரம்ஸும் பொழிகிற இடத்தில்
காதை யார் நம்புவது?
மரம் விலாவில் அதிர்ந்தது, போதும்.
ஒரு பாட்டு. அடுத்த பாட்டில் பாதி.

விட்டோல்ட் கையை உயர்த்தி
தன் முதுகுக்குப் பின்னே அலமாரியைக் காட்டினார்.
நான் வாசித்தால் நடுங்கும் கண்ணாடிக் குவளைகள்
வரிசையாய், சாதுவாய், நின்றிருந்தன.

திரும்பிப் பார்த்தேன்.
ஒலிபெருக்கியிலிருந்து கழன்ற கேபிள் முனை
தரையில், பீர் ஈரத்தில்.

முன்பு அந்த இரைச்சல் சொல்லிவிடும்,
செருகியிருக்கிறாய் என்று.
அதைத்தான் நான் நத்தைப் பட்டையால்
மூலை மூலையாய் அடைத்திருந்தேன்.

யென்ஜெய் வியர்வையைத் துடைத்தபடி குனிந்தான்:
"இன்றைக்கு உன் வாசிப்பு அபாரம்.
ஒரு பிசிறில்லை."

ஒன்றும் சொல்லவில்லை.
முனையைப் பாவாடையில் துடைத்துச் செருகினேன்,
தடித்த கம்பியில் ஒரே ஒரு தட்டு.

விட்டோல்ட் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு
அலமாரிக்கு ஓடினார்.